இதயச் செயலிழப்பும் உறக்கத்தில் மூச்சுத் தடையும்: சிபாப்பா, ஏஎஸ்வியா?

மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் மும்பைத் தமிழ்க் குடும்பங்களில், இதயச் செயலிழப்புக்கு, அதாவது இதயம் போதிய அளவு இரத்தத்தை வெளித்தள்ள இயலாத நிலைக்கு, மருந்து உண்ணும் பெரியவருக்கு உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது தெரிந்தவுடன், உறக்கத்தில் காற்றழுத்தம் தரும் சிபாப், ஏஎஸ்வி ஆகிய இயந்திரங்களில் எதை வாங்குவது என்ற கேள்வி எழுகிறது. மூச்சுத் தடை எந்த வகை என்று தெரியாமல் அதற்கு விடை சொல்ல இயலாது.

ஒரு வகையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுப்பாதை அடைபடுகிறது. பலத்த குறட்டை எழும், நெஞ்சும் வயிறும் மூச்சுக்குப் போராடும். மற்றொன்றில் மூச்சுவிடச் சொல்லும் மூளையின் கட்டளையே சற்று நேரம் வருவதில்லை. இதயம் தளர்ந்ததால் இரத்த ஓட்டம் மந்தமாகி, கரியமில வாயுவின் மாற்றம் மூளைக்குத் தாமதமாக எட்டுவதால், மூச்சு படிப்படியாகப் பெருகி, தேய்ந்து, நின்று, மீண்டும் தொடங்கும். 1818இல் மருத்துவர் ஜான் செய்னும் 1854இல் மருத்துவர் வில்லியம் ஸ்டோக்ஸும் விவரித்த சுவாசம் இதுவே. ஒரே அறையில் அனைவரும் உறங்கும் வீடுகளில், அருகில் படுப்பவர் இந்த வேறுபாட்டைக் கவனித்து மருத்துவரிடம் சொல்வது பெரும் உதவி. எனினும் இரண்டும் ஒருவரிடமே கலந்திருக்கக்கூடும் என்பதால், இரவு முழுவதும் செய்யும் உறக்கப் பரிசோதனை தேவை.

சிபாப் இடைவிடாத காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கிறது. அடைப்பு வகைக்கு இதையே முதலில் தேர்ந்தெடுப்பேன். பகல்நேரத் தூக்கக் கலக்கமும் இரத்த அழுத்தமும் குறைகின்றன. ஆயுளை நீட்டிக்கும் என்று மட்டும் வாக்களிக்க முடியாது. மூளை சார்ந்த வகையில், 258 பேரிடம் நடந்து 2005இல் வெளியான கேன்பாப் ஆய்வில் சிபாப் உயிர்வாழ்வைக் கூட்டவில்லை.

ஏஎஸ்வி ஒவ்வொரு மூச்சையும் அளந்து அழுத்தத்தை மாற்றிக்கொள்வது. விலை கூடியது, மூளை சார்ந்த தடையை நன்றாகவே அடக்குகிறது. அதனாலேயே 2015இல் வெளியான செர்வ்-எச்எஃப் ஆய்வின் முடிவு அதிர்ச்சியளித்தது: இதயம் சுருங்கி இரத்தத்தை வெளித்தள்ளும் விகிதமான இஎஃப் 45 சதவீதமோ அதற்குக் குறைவோ உள்ள, மூளை சார்ந்த தடையே மேலோங்கிய 1,325 பேரில், ஏஎஸ்வி பயன்படுத்தியவர்களிடம் இதயநோய் மரண அபாயம் 34 சதவீதம் கூடுதலாக இருந்தது. வேறுவகை ஏஎஸ்வியைச் சோதித்து 2024இல் வெளியான அட்வென்ட்-எச்எஃப் ஆய்வில் அத்தகைய தீங்கு தென்படவில்லை. உயிர்வாழ்வில் நன்மையும் தென்படவில்லை.

ஆகவே இஎஃப் 45க்கு மேற்படாத, மூளை சார்ந்த தடையுள்ளவருக்கு, நவீனமானது என்று விற்பனையாளர் சொல்வதை நம்பி ஏஎஸ்வி வாங்குவதை நான் ஏற்கமாட்டேன். இதய மருந்துகளைச் சீராக்கி உடலில் நீர் தேங்குவதைக் குறைத்தாலே பலருக்கு இத்தடை தணிகிறது என்பதால், இஎஃப் அளவைக் காட்டும் எக்கோ (இதய ஒலியலைப் பரிசோதனை) அறிக்கையை உறக்க மருத்துவரிடமும் உறக்க அறிக்கையை இதய மருத்துவரிடமும் காட்டிய பின்னரே இயந்திரத்துக்குப் பணம் கட்ட வேண்டும்.