பொன்னுருக்குக்கு மேப்பிளா, பழைய பவுணா?

ஆவணியில் தம்பிக்குப் பொன்னுருக்கு, தாலிக்குப் பொன் உருக்குகிற சடங்கு. ரொறன்ரோச் சித்தப்பா கனடா நாணயச்சாலையின் கால் அவுன்ஸ் மேப்பிள் தங்கக் காசு ஒன்றைக் கொடுத்துவிட்டிருக்கிறார். அம்மம்மாவின் பெட்டகத்தில், குதிரைவீரன் பறவைநாகத்தைக் குத்துகிற பழைய இங்கிலாந்துப் பவுண் கிடக்கிறது. எதை உருக்குவது என்று வீட்டில் இரண்டு கட்சி. மேப்பிள் அம்மம்மாவின் வாயில் 'மாப்பிள்ளைக் காசு' ஆகிவிட்டது.

தராசில் பவுண்தான் கனம்: 7.99 கிராம். நாங்கள் எட்டுக் கிராமை ஒரு பவுண் என்று எண்ணுகிற வழக்கும் இந்தக் காசோடு வந்ததுதான். ஆனால் அது 22 கரட், செம்பு கலந்தது. அதிலுள்ள சுத்தத் தங்கம் 7.32 கிராம். மேப்பிள் 7.78 கிராம்தான், ஆனால் அவ்வளவும் தங்கம். 1979இல் ஆயிரத்துக்கு 999 பங்கு சுத்தத்தில் வந்தது, 1982இலிருந்து பத்தாயிரத்துக்கு 9999. எடை குறைந்த காசில்தான் பொன் கூட.

பத்தருக்குப் பவுண் சுகம். தாலிக்கு வேண்டிய 22 கரட் அப்படியே கையில். மேப்பிளுக்குச் செம்பு சேர்க்கவேண்டும், சேர்த்தால் 8.48 கிராம் வரும். இலாபம்போலத் தெரியும். ஆனால் புதுக் காசை வாங்கும்போது தங்கவிலைக்கு மேலே அச்சடித்த கூலியும் கொடுத்திருப்போம். உருக்கினால் அந்தக் கூலி பத்தரின் குகையோடு, அந்த உருக்குக் கிண்ணத்தோடு போய்விடும். தேய்ந்த சாதாரணப் பவுணில் அப்படி இழக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆண்டையும் சின்ன எழுத்தையும் மட்டும் முதலில் பாருங்கள்: 1918இல் பம்பாயில் அடித்ததில் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். சில ஆண்டுக் காசுகளுக்குச் சேகரிப்பவர்கள் தங்கவிலைக்கு மேலேயே கொடுப்பார்கள்.

வைத்திருப்பதற்கென்றால் என் வாக்கு மேப்பிளுக்கு. நகையென்றால் செய்கூலி, சேதாரம். ஆனால் சுத்தத் தங்கம் மெத்து. லேசாக உரசினாலே கீறும், உறையை விட்டு எடுக்கக்கூடாது. அடைவுக்கடை உரைகல்லில் தேய்த்தால் காசின் முகம் போச்சு. தென்னாபிரிக்காவின் குருகராண்ட் செம்பு கலந்து சிவந்த, உறுதியான காசு, 1967இலிருந்து வருகிறது. ஆனால் அதில் ஒரு அவுன்ஸ் என்றால் நாலு பவுணுக்கு மேலே. பொன்னுருக்குக்கு யார் கொண்டுவருவார்கள்?

கூடவே ஒரு வெள்ளி மேப்பிளும் வந்தது. 31.1 கிராம், அதுவும் 9999. சில காசுகளில் பால் சிந்தினதுபோல வெள்ளைப் புள்ளி விழும், துடைத்தும் போகாது. எங்களுக்குக் கொலுசுக்குத்தான் ஆகும்.

பவுண்தான் உருகப்போகிறது. மாப்பிள்ளைக் காசு உறை பிரியாமல் தம்பியிடம் போகும். சித்தப்பாவுக்குச் சொல்லுகிற வேலை அம்மம்மாவுடையது.