கொன்றது யார்? மாட்டுவானா? பார்டர் பக்கத்துக்கு எந்த த்ரில்லர் தோது

தமிழ்நாடு-கேரள பார்டரில் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், வாளையார் பக்கம் கதை எழுதிக்கொண்டு திரியும் பையன்களிடம் என்ன படம் பண்ணப் போகிறாய் என்று கேட்டால், "த்ரில்லர்தாண்ணா" என்று பதில் வரும். எந்த த்ரில்லர் என்று திருப்பிக் கேட்டால் முழிப்பார்கள். கொன்றவன் யார் என்று கடைசிவரை மறைப்பது ஒரு வகை. கொன்றவனை முதலிலேயே காட்டிவிட்டு, மாட்டுவானா தப்புவானா என்று இழுப்பது இன்னொரு வகை. எழுதும் முறை, நடிகர் தேர்வு, இரண்டாம் தடவை பார்க்க ஆள் வருமா என்பது வரை எல்லாமே இரண்டுக்கும் வேறு.

முதல் வகையில் சட்டம் கறார். குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே வந்துவிட வேண்டும் என்பது, 1929-இல் எழுத்தாளர் ரோனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைகளுக்கு வகுத்த பத்து விதிகளில் முதல் விதி. இரண்டு மணி நேரப் படமென்றால் அரை மணிக்குள் அவன் ஒரு தடவையாவது சும்மா வந்து டீ குடித்துவிட்டுப் போயிருக்க வேண்டும். சந்தேகப்பட ஐந்து பேர் போதும். மூன்று பேர்தான் என்றால் கழித்துப் பார்த்தே ஆளைப் பிடித்துவிடுவார்கள். எட்டுப் பேர் என்றால் இடைவேளைக்குப் பிறகு யார் பெயரும் ஞாபகம் இருக்காது. ஐந்து பேருக்கும் கொலை அல்லாத வேறு ஏதாவது மறைக்க இருக்க வேண்டும்: கந்துவட்டிக் கடன், கள்ள உறவு, செக்போஸ்ட் தாண்டிக் கடத்திய அரிசி. அதை மறைக்க அவர்கள் சொல்லும் பொய்தான் பார்ப்பவரை வழி மாற்றும். அந்தப் பொய்கள் ஒவ்வொன்றுக்கும் கடைசியில் கணக்கு முடிக்காவிட்டால், "அப்ப அந்தாளு எதுக்கு ராத்திரி மம்பட்டியோட போனான்?" என்று தியேட்டர் வாசலிலேயே பிடித்துக்கொள்வார்கள்.

சின்ன பட்ஜெட்டில் இது நடிகர் தேர்வில் உதைக்கும். ஐவரில் ஒருவர் மட்டும் தெரிந்த முகம், அவரும் இரண்டே சீன் என்றால், அவர்தான் ஆள் என்று முதல் சீனிலேயே வெளிச்சமாகிவிடும். ஐவருமே புதுமுகம், இல்லை ஐவருமே தெரிந்த முகம். நடுவழி கிடையாது.

கே.ஜி. ஜார்ஜ் இயக்கிய மலையாளப் படம் 'யவனிகா'வை (1982) இதற்காகவே உட்கார்ந்து பார்க்கலாம். ஒரு நாடகக் குழுவின் தபேலாக்காரர் காணாமல் போகிறார். போலீஸ் அதிகாரி குழுவில் உள்ளவர்களை ஒவ்வொருவராக விசாரிக்கிறார். சந்தேகப்படும் ஆட்கள் எல்லாரும் ஒரே மேடையில் நிற்பவர்கள். கடைசி ரீலில் வெளியாள் வந்து குதிக்க வழியில்லை. சைக்கோ கொலைகாரன் படங்கள் பலவும் சறுக்குவது இங்கேதான். ஆளை அதுவரை காட்டாமல் வைத்திருந்து, கடைசியில் இருபது நிமிடம் அவனுடைய சின்ன வயசு ஃபிளாஷ்பேக் ஓட்டினால், கண்டுபிடிக்க முயன்ற ரசிகனை ஏமாற்றியதாகத்தான் அர்த்தம்.

போதாததற்கு, பார்டரில் இந்த வகைக்கு ஆயுசும் கம்மி. வெள்ளிக்கிழமை பாலக்காட்டில் மார்னிங் ஷோ விட்டதும், பொள்ளாச்சிக்காரன் போனில் கொலைகாரன் பெயர் வந்து நிற்கும். தமிழில் ரீமேக் செய்தாலோ இங்கே பாதிப் பேர் மலையாளத்திலேயே பார்த்து முடித்திருப்பார்கள்.

இரண்டாவது வகைக்கு அந்தப் பயம் இல்லை. ஜீத்து ஜோசப்பின் மலையாள 'த்ரிஷ்யம்' (2013) பார்த்துக் கதை முழுக்கத் தெரிந்தவர்களும், அதையே அவர் தமிழில் எடுத்த 'பாபநாச'த்தை (2015) பதற்றத்தோடுதான் பார்த்தார்கள். இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன மேஜைக்கடி வெடிகுண்டுக் கணக்கு இது: குண்டு திடீரென்று வெடித்தால் பதினைந்து விநாடி அதிர்ச்சி, குண்டு இருப்பது முன்கூட்டியே தெரிந்தால் பதினைந்து நிமிடம் பதைப்பு.

'த்ரிஷ்யத்'தின் அலிபியை, அதாவது குற்றம் நடந்தபோது வேறிடத்தில் இருந்தோம் என்று காட்டும் கணக்கை, கழற்றிப் பார்த்தால் வேலை புரியும். கொலையை மறைக்கும் நாயகன் ஜார்ஜ்குட்டி குடும்பத்தோடு பஸ்ஸில் போனது, ஓட்டலில் சாப்பிட்டது, படம் பார்த்தது எல்லாம் நிஜம். தேதி மட்டும்தான் பொய். பிறகு அதே ஆட்களை மறுபடி பார்க்கப் போகும்போது, பேச்சோடு பேச்சாக முந்தைய தேதியை அவர்கள் மனதில் போட்டுவிடுகிறான். கண்டக்டரும் ஓட்டல்காரரும் யாருக்காகவும் பொய் சொல்லவில்லை, நம்பியதைத்தான் சொல்கிறார்கள். அதனால் எத்தனை தடவை விசாரித்தாலும் வார்த்தை உடைவதில்லை. போலி சாட்சியை விலைக்கு வாங்கும் கதையை எழுதிவைத்திருப்பவர்கள் இந்த ஒரு இடத்தைப் பார்த்துவிட்டுத் திருத்தி எழுதலாம்.

இந்த வகை கெடுவது போலீஸை முட்டாளாக்கும்போது. எதிரே நிற்பவர் புத்திசாலியாக இல்லாவிட்டால் பயம் எங்கிருந்து வரும்? ஆகவே எழுதும் முன் உடல், வண்டி, போன், உடை என்று நாலு பொருளுக்கு ஒரு அட்டவணை போடுங்கள்: எங்கே போனது, யார் பார்த்தார், போலீஸ் எப்போது தொடும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு நூல் பிரிய வேண்டும். போன் விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. எல்லைக் கிராமத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே போன் அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொள்ளும். டவர் லொக்கேஷனை வைத்து மட்டும் ஆள் எந்த மாநிலத்தில் இருந்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. இதை அலிபியாக்கலாம், அதையே உடைக்கும் சீனும் எழுதலாம்.

மூன்றாவதாகத் துரத்தல் த்ரில்லர். இதற்கு நம் ஊர் அவ்வளவு தோதில்லை. பாலக்காட்டுக் கணவாய் சமவெளி. வயலும் கரிம்பனையுமாக இருக்கும் இடத்தில் பட்டப்பகலில் எவன் எங்கே ஒளிவான்? நெல்லியாம்பதியோ மூணாறோ ஏறினால்தான் உண்டு. ஏறினால் மழையும் மூடுபனியும் கன்டினியூட்டியை, அதாவது ஷாட்டுக்கு ஷாட் ஒத்துப்போவதை, கெடுக்கும். அதைவிடப் பெரிய ஓட்டை, குற்றவாளி செக்போஸ்ட்டைத் தாண்டியதும் போலீஸ் ஜீப் பிரேக் போட்டு நிற்கும் அந்த சீன். வாரண்ட் இல்லாமல் கைது செய்ய அதிகாரமுள்ள ஆளை இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் துரத்திப் பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. பிடித்தால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும். "இது எங்க லிமிட் இல்ல" என்று புகார்காரரைத் திருப்பி அனுப்புவதும் அப்படித்தான்: 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்தாலும் புகாரைப் பதிவு செய்யும் ஜீரோ எஃப்.ஐ.ஆருக்கு நேரடியாகவே இடம் இருக்கிறது. அனுப்புகிற சீன் வைக்கலாம், ஆனால் அனுப்பியவர் தப்புச் செய்கிறார் என்பது எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆக, பார்டர் பக்கத்துக்குத் தோது இரண்டாவது வகைதான். இல்லை, முதல் வகைதான் எடுப்பேன் என்று நிற்பவர்கள் இருபது நிமிடக் குறும்படத்தில் அதைத் தொட வேண்டாம். ஐந்து பேரை நிறுத்திச் சந்தேகப்பட வைக்கவே பன்னிரண்டு நிமிடம் போய்விடும். இருபது நிமிடத்துக்கு இரண்டு ஆள், ஒரு வீடு, ஒளித்துவைத்த ஒரு பொருள் போதும். ஒளித்த இடத்தைப் பார்ப்பவருக்கு மூன்றாவது நிமிடத்துக்குள் காட்டிவிடுங்கள்.