பகடையா, புள்ளிக் கணக்கா? கேரக்டர் உருவாக்கத்தில் எது எதற்குப் பொருந்தும்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாக, அதாவது கேரக்டராக, கதை நடத்தும் ஃபேன்டஸி ஆட்டத்துக்குப் புதிதாக வருகிறவரிடம் எல்லோரும் முதலில் கேட்பது, "மந்திரவாதியா, வீரனா, திருடனா?" என்பதுதான். அதைவிட முக்கியமான ஒன்றை அவரிடம் யாரும் கேட்பதில்லை, ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டரே முடிவு செய்துவிடுவார். வலிமை, லாவகம், உடல்திடம், அறிவு, விவேகம், வசீகரம் என்ற ஆறு எண்களும் எங்கிருந்து வரப்போகின்றன? பகடையில் விழுமா, தயாராக இருக்கும் பொதுப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்வதா, புள்ளி கொடுத்து வாங்குவதா?

இந்தச் சண்டை ஓய்ந்தபாடில்லை. உருட்டாவிட்டால் அது ஆட்டமே இல்லை என்று ஒரு கட்சி. மாதக்கணக்கில் கூடவே வாழப்போகும் ஆளின் தலையெழுத்தைப் பகடையிடம் ஒப்படைப்பதா என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் வெவ்வேறு ஆட்டத்தை மனதில் வைத்துப் பேசுகின்றன என்பது என் எண்ணம். அந்த எண்ணுக்கு விதிகள் எவ்வளவு கனம் கொடுக்கின்றன, அந்தக் கேரக்டர் எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்ற இரண்டையும் பார்த்தால் பாதி வாதம் அடங்கிவிடும்.

மூன்று பகடை, வரிசை மாறாமல்

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஆறு பக்கப் பகடை மூன்றை உருட்டிக் கூட்டுவார்கள். விழுந்த எண் விழுந்த இடத்திலேயே நிற்கும். சராசரி 10.5. 18 விழ 216இல் ஒரு வாய்ப்பு. கிட்டத்தட்ட பாதி உருட்டல்கள் 9 முதல் 12 வரைக்குள் வந்து விழும்.

இன்றைய கண்ணுக்கு இது கொடுமையாகத் தெரியும். அன்று தெரியவில்லை என்றால் காரணம் இருக்கிறது. அந்த விதிகளில் வீரனின் வலிமை 15 அல்லது அதற்கு மேல் இருந்தால் அவனுக்கு அனுபவப் புள்ளி (அது சேரச் சேர கேரக்டர் அடுத்த நிலைக்கு ஏறும்) 10 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். வாள் வீச்சில் அது ஒன்றும் செய்யாது. 9 வைத்திருப்பவனும் 17 வைத்திருப்பவனும் ஒரே மாதிரிதான் வெட்டுவார்கள். மறு ஆண்டே வந்த கிரேஹாக் இணைப்புப் புத்தகம், வலிமைக்குத் தாக்குதலிலும் சேதத்திலும் கூடுதல் தரத் தொடங்கியது. எண்ணுக்குக் கனம் கூடியது, கூடவே நல்ல எண்ணுக்கான ஆசையும் கூடியது. 1979இல் அட்வான்ஸ்டு பதிப்பின் டன்ஜன் மாஸ்டர் கையேடு முதல் வழியாகச் சொன்னதே நான்கு பகடை உருட்டிக் குறைந்ததைக் கழித்துவிடும் முறைதான்.

மூன்று பகடை முறையின் அழகை ஒரு கேரக்டரின் எண்களை எழுதிய தாளை வைத்தே பார்க்கலாம். வலிமை 9, லாவகம் 14, உடல்திடம் 6, அறிவு 12, விவேகம் 15, வசீகரம் 7 என்று விழுந்ததாக வைத்துக்கொள்வோம். இப்படி ஒருவரை யாரும் திட்டமிட்டு உருவாக்க மாட்டார்கள். நோஞ்சான், பேச வராது, ஆனால் கூர்ந்து பார்க்கிறவர். விவேகம் 15 என்பதால் பூசாரியாகப் போவதுதான் பொருத்தம். சபையில் வாயே திறக்காத பூசாரி! அவர் ஏன் அப்படி ஆனார் என்று யோசிக்கும்போதே கதை பாதி தயாராகிவிடும்.

இதே தாளை அதே ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளுக்குக் கொண்டுபோனால் கதை வேறு. பூசாரிக்கு முதல் நிலையில் உயிர்ப் புள்ளி 8. உடல்திடம் 6 என்றால் இரண்டைக் கழிக்க வேண்டும், மிச்சம் 6. கோப்ளின் என்ற குட்டி அரக்கன் ஒன்றின் வெட்டு ஆறு பக்கப் பகடையோடு 2. பகடையில் 4 விழுந்தாலே நம் பூசாரி தரையில். வெட்டு பட்டால் இரண்டில் ஒரு தடவை காலி. அரை நிமிடத்தில் அடுத்த கேரக்டரை உருட்டிவிடலாம் என்கிற ஆட்டத்தில் இது வேடிக்கை. மூன்று பக்கத்துக்கு முன்கதை எழுதிக்கொண்டு வந்தவருக்கு வயிற்றெரிச்சல்.

நான்கு உருட்டி ஒன்றைக் கழிப்பது

எல்லோருக்கும் பிடித்தது இதுதான். நியாயம் பார்த்தால் மோசமானதும் இதுதான். சராசரி 12.24க்கு ஏறுகிறது, 18 விழும் வாய்ப்பு சுமார் 1.6 சதவீதம். போதாததற்கு, விழுந்த எண்களை விரும்பிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். அதாவது மந்திரவாதியாக வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டு உருட்டி, பெரிய எண்ணை அறிவில் போட்டுவிடலாம். எதிர்பாராத ஆள் வந்து நிற்கும் அந்தச் சுவை இங்கே போய்விட்டது. மிஞ்சியது அதிர்ஷ்டம் மட்டும்.

ஒரே மேசையில் ஒருவருக்கு 17, 16, 14, 13, 11, 10 விழுகிறது; பக்கத்தில் இருப்பவருக்கு 12, 12, 11, 10, 9, 8. முதலாமவரின் முக்கிய எண்ணுக்காகப் பகடையோடு சேரும் கூடுதல் +3, இரண்டாமவருக்கு +1. முயற்சிகளுக்கு உருட்டும் இருபது பக்கப் பகடையில் இந்த இரண்டு என்ற வித்தியாசம் ஒவ்வொரு தடவையும் வெற்றி வாய்ப்பில் 10 சதவீதப் புள்ளி. அதோடு விடாது. ஆயுதம் ஏந்துபவர்களுக்குச் சேதத்திலும் அதே வித்தியாசம் சேரும். பின்னவர் 4ஆம் நிலையிலும் 8ஆம் நிலையிலும் கிடைக்கும் உயர்வு இரண்டையும் ஒரே எண்ணில் கொட்டினால்தான் 16ஐத் தொடுவார். முன்னவர் அதற்குள் 20இல் உட்கார்ந்திருப்பார். ஒரு மாலை ஆட்டத்தில் கிண்டலோடு போய்விடும். ஒரு வருடம் நீண்டால் மனஸ்தாபம்தான்.

இதைச் சரிக்கட்ட சில மேசைகளில் "உருட்டிப் பார், பிடிக்காவிட்டால் பொதுப் பட்டியலை எடுத்துக்கொள்" என்பார்கள். எனக்கு இது துளியும் ஒப்பாது. தோற்றால் பணம் திரும்பக் கிடைக்கும் சூதாட்டம் அது. எல்லோரும் உருட்டத்தான் செய்வார்கள், மொத்த மேசையும் வீங்கிப்போகும். மூன்றாம் பதிப்பின் விதி இதைவிட நேர்மையானது: எண்களின் கூடுதல் கழிவுகளைக் கூட்டினால் பூஜ்யமோ அதற்குக் கீழோ வந்தால், அல்லது பெரிய எண்ணே 13ஐத் தாண்டாவிட்டால், மொத்தமாக மறுபடி உருட்டலாம். கேட்பவரின் மூஞ்சியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய அவஸ்தை கேம் மாஸ்டருக்கு இல்லை. அதையும்விட எனக்குப் பிடித்தது, எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு தொகுப்பை உருட்டி அதையே ஆளாளுக்கு எடுத்துக்கொள்வது. பகடையின் பரபரப்பும் உண்டு, பொறாமைக்கு இடமும் இல்லை.

27 புள்ளி

ஐந்தாம் பதிப்பின் புள்ளி முறையில் எல்லா எண்ணும் 8இல் தொடங்கும், கையில் 27 புள்ளி. 13 வரை ஒரு படிக்கு ஒரு புள்ளி, 14க்கும் 15க்கும் படிக்கு இரண்டு. 15க்கு மேல் வாங்க முடியாது. அந்தக் கடைசி இரண்டு படிகளின் விலைதான் இதில் சாமர்த்தியமான வேலை: ஒன்றில் உச்சிக்குப் போக வேண்டுமானால் வேறெங்கோ விட்டுக்கொடுத்தாக வேண்டும். மூன்று 15 வாங்கினால் 27ம் தீர்ந்துபோய் மற்ற மூன்றும் 8இலேயே கிடக்கும்.

நியாயம் என்று பார்த்தால் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் ஒரே அச்சில் வார்த்த ஆட்களாக வருவார்கள். மந்திரவாதி என்றால் அறிவு 15, வலிமை 8. வீரன் என்றால் அறிவு 8. 13க்கும் 12க்கும் ஒரே கூடுதல்தான் என்பது தெரிந்தவர், கேரக்டரின் இனத்தாலோ பின்னணியாலோ ஏற வாய்ப்பில்லாத இடத்தில் ஒற்றைப்படை எண்ணை வாங்கவே மாட்டார். விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவருக்கும் புதியவருக்கும் உள்ள இடைவெளியைப் பகடை மூடிவிடுகிறது, புள்ளிக் கணக்கு திறந்துவிடுகிறது. இதை நியாயவாதிகள் ஒத்துக்கொள்வதே இல்லை.

இந்தப் பாதையின் கடைசி எல்லை 1986இல் வந்த கர்ப்ஸ் என்ற ஆட்டம். அங்கே திறமை, பழக்கம், குறை எல்லாவற்றுக்கும் விலை உண்டு. ஒற்றைக் கண்ணோ முன்கோபமோ எடுத்துக்கொண்டால் புள்ளி திரும்பக் கிடைக்கும். நுணுக்கத்தில் இதற்கு ஈடில்லை. ஆனால் கேம் மாஸ்டர் வரம்பு வைக்காவிட்டால் குறைகளின் மூட்டையாக ஒருவர் வந்து நிற்பார்.

பொதுப் பட்டியலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 15, 14, 13, 12, 10, 8. புள்ளி முறையில் வாங்கினாலும் இதன் விலை சரியாக 27தான். புதியவர்கள் நிறைந்த மேசைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் கொடுப்பேன்.

எண்களே முக்கியமில்லாத இடம்

2012இல் வந்த இரண்டு ஆட்டங்கள் எதிரெதிர் திசையில் போயின. டன்ஜன் கிரால் கிளாசிக்ஸ் பழைய மூன்று பகடைக்கே திரும்பியது, ஆனால் ஆளுக்கு ஒரு கேரக்டர் இல்லை. குடியானவன், கொல்லன் என்று தொழிலும் பகடையில் விழும் சாதாரண ஆட்கள் இரண்டு மூன்று பேரைக் கையில் கொடுத்து நிலவறைக்குள் அனுப்பிவிடும். தப்பி வெளியே வந்தவர்தான் உங்கள் முதல் நிலைக் கேரக்டர். பகடையின் அநியாயத்துக்கு நான் பார்த்த சரியான மருந்து இதுதான். சாவே தேர்வு செய்துவிடுகிறது.

இரண்டாவதான டன்ஜன் வேர்ல்டில் மந்திரவாதி, வீரன் என்று வகுப்புக்கு ஒரு தாள். 16, 15, 13, 12, 9, 8 என்ற எண்களை நிரப்பி, கொடுத்திருக்கும் சில தேர்வுகளில் குறியிட்டால் வேலை முடிந்தது. மேசை சூடு பிடிப்பது அதற்கப்புறம்தான். தாளில் உள்ள உறவு வாக்கியங்களின் காலியிடத்தில் கூட ஆடுகிறவர்களின் கேரக்டர் பெயர்களை எழுத வேண்டும். யாரை நம்புகிறாய், யாருக்குக் கடன்பட்டிருக்கிறாய் என்று பேச்சு கிளம்பிவிடும், வலிமை 8ஆ 9ஆ என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரே மாலையில் தொடங்கி முடிக்கும் ஆட்டத்துக்கு இதை வைப்பேன். வருடக்கணக்கில் நீளும் ஐந்தாம் பதிப்புக் கதைக்கு 27 புள்ளி, அல்லது மேசைக்கு ஒரே தொகுப்பு. நாலைந்து பேர் செத்தாலும் சிரித்துக்கொண்டே அடுத்த தாளை எடுக்கும் கூட்டமாக இருந்தால் மூன்று பகடை, வரிசை மாறாமல். எதுவானாலும் உருட்டலை எல்லோர் கண்முன்னாலும் மேசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உருட்டிக்கொண்டு வந்த தாள்களில் 18 கொஞ்சம் தாராளமாகவே விழுகிறது.