மாமா பட்டா: எழுத்து வச்சுத் தச்ச ஒட்டுத்துணி விரிப்பு, 3 வருஷம் கழிச்சு

பாம்பன்ல எங்க வீட்டுத் திண்ணையில காத்து வர்ற மூலை ஒன்னே ஒன்னுதான், அது மாமாவோடது. ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாளும் போட் கரையில கெடக்கும், வீட்டுக்காரரும் கொழுந்தனும் வீட்லயேதான், அப்ப அந்த மூலைக்கு நடக்குற சண்டை இருக்கே. அதான் மாமாவுக்கு ஒரு குவில்ட், அதாவது ஒட்டுத்துணி விரிப்பு, தச்சு குடுத்தா என்னன்னு தோணுச்சு, சிரிக்கிற மாதிரி ஏதாவது எழுத்து வச்சு.

முதல்ல யோசிச்சது "எழுப்பாதே". எழுத்தை மேல ஒட்டித் தைக்கல, துண்டு துண்டா வெட்டி இணைச்சே எழுத்து வரணும்னு ஆசை. எ-க்கும் ழு-வுக்கும் வளைவு வெட்டி வெட்டி ஒரு வாரம் போச்சு, கடைசியில ழு பிஞ்சுபோன தோசை மாதிரி வந்துச்சு. யூடியூப்ல காட்டுறதெல்லாம் இங்கிலீஷ் பெரிய எழுத்து, பாதிக்கு மேல நேர்கோடு, அவங்களுக்கு என்ன கஷ்டம்!

அப்புறம்தான் வழியை மாத்துனேன். ஜோக்கைப் பிடிச்சுட்டு எழுத்தைத் தேடாம, நேர்கோட்டுல வர்ற எழுத்தை எழுதி வச்சுட்டு அதுக்குள்ள ஜோக்கைத் தேடுனேன். ட, ப, ம, துணைக்கால், அவ்ளோதான். பப்படம், டப்பா, மட்டம்னு எழுதிக்கிட்டே வந்தா பட்டா! முன்னாடி மாமா சேத்தா "மாமா பட்டா", ஒரு வளைவு கூட இல்ல. அந்த மூலைக்கு இதைவிட என்ன வேணும்?

எழுத்து உயரம் 9 இஞ்ச், கோடு ஒன்றரை இஞ்ச், தையலுக்கு ரெண்டு பக்கமும் கால் கால் இஞ்ச் விட்டு 2 இஞ்ச் பட்டையா வெட்டிக்கிட்டேன். ப-வைத் தலைகீழா திருப்புனா அப்படியே துணைக்கால், அதனால ஒரே மாதிரி நாலு தச்சு மூணைத் திருப்பிட்டேன். ம-க்கு மட்டும் அஞ்சு பட்டை, கொஞ்சம் படுத்திருச்சு.

நான் பண்ண தப்பு புள்ளிதான். ட் மேல சட்டை பட்டனை வச்சேன், படுத்தா முதுகுல குத்துதுன்னு மாமா முனகிட்டே இருந்தாரு, ஆறே மாசத்துல துவைக்கும்போது அதுவும் தெறிச்சு "மாமா படடா"ன்னு ஆயிருச்சு. அப்புறம் அதே எடத்துல சின்ன சதுரத் துணி வச்சுத் தச்சேன், இன்னிக்கு வரைக்கும் அசையல. சிவப்பு லுங்கித் துணியை முன்னாடியே ஊறப்போட்டு சாயம் போக்கியிருக்கணும், வெள்ளைச் சேலையெல்லாம் ரோஸ் ஆயிருச்சு. உள்ள பஞ்சு வைக்காம பழைய நூல் சேலையையே ரெண்டு மடிப்பா வச்சது நல்லதாப் போச்சு, இங்க ஐப்பசி மழையில பஞ்செல்லாம் காயவே காயாது. ஓரத்துல மட்டும் தையல் இத்துப்போயி ரெண்டு தடவை ஓட்டிட்டேன்.

மூணு வருஷத்துல ஜோக் பழசாகலையான்னா, ஆகல. வர்றவங்க யாராவது சர்வே நம்பர் எங்கன்னு கேப்பாங்க, மாமா சிரிக்காம பதில் சொல்வாரு. பேரன் சுத்தி இருக்குற பார்டர்லதான் படுப்பான், அது புறம்போக்காம்.

இப்ப அத்தை கூட்டுப் பட்டா கேக்குறாங்க. அ, த், தை மூணையும் பேப்பர்ல வரைஞ்சு பாத்துட்டு மிஷினை மூடி வச்சிருக்கேன்.