எத்தனை தடவை தூக்குவீங்க? வீல்சேரிலிருந்து ஐந்து சாகசங்கள்

"வீல்சேர் வசதி இருக்கா?" என்று போனில் கேட்டால் தமிழ்நாடு, கேரளா, கோவா எங்கேயும் எனக்கு ஒரே பதில்தான் வந்திருக்கிறது: "வாங்க சார், பசங்க இருக்காங்க, தூக்கிடுவாங்க." சொல்கிறவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் முதுகெலும்பில் டி10 மட்டத்தில் அடிபட்டு எனக்கு ஒன்பது வருடம் ஆகிறது, தொப்புளுக்குக் கீழே உணர்வு கிடையாது, எடை 74 கிலோ. கடலுக்குள்ளோ காட்டுக்குள்ளோ இதுவரை எனக்கு ஒன்றும் ஆனதில்லை. பட்ட காயமெல்லாம் வீல்சேரிலிருந்து அடுத்த சீட்டுக்கு மாறுகிற இரண்டு நிமிடத்தில் பட்டதுதான்.

ஒரு படகுத்துறையில் (பெயர் வேண்டாம்) நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். ஒருத்தர் பேண்ட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார், ஒருத்தர் ஒரு காலை மட்டும் பிடித்தார், இன்னொரு கால் பலகையில் இழுபட்டுக்கொண்டே வந்தது. எனக்குத் தெரியவில்லை, தெரியவும் தெரியாது. ராத்திரி லாட்ஜில் தம்பி சாக்ஸைக் கழற்றியபோதுதான் குதிகால் பக்கம் சாக்ஸ் ரத்தத்தில் ஒட்டியிருந்தது. அந்தப் புண் ஆற ஏழு வாரம்.

அதனால் ஒரு இடத்தை எடைபோட நான் இப்போது கேட்பது வேறு. எத்தனை தடவை தூக்க வேண்டும், எதன் மேல் உட்கார வேண்டும், முதுகுக்குச் சாய்மானம் இருக்கிறதா, இடையில் எவ்வளவு நேரம் எழும்பாமல் உட்கார வேண்டும், கத்தீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) போட மறைவான இடம் எங்கே. இந்தக் கணக்கில் ஊட்டி மலை ரயில், முதுமலை சஃபாரி, பிச்சாவரம் படகு, பாராசெயிலிங் (பாராசூட்டைக் கயிற்றில் கட்டி இழுக்கப் பறப்பது), ஸ்கூபா (காற்று சிலிண்டரோடு கடலுக்கடியில் போவது) ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எல்லோரும் நினைக்கிற வரிசை அப்படியே தலைகீழாகிவிடுகிறது.

மலை ரயிலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வீட்டில் எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான். "உட்கார்ந்துக்கிட்டே போகலாமே, உனக்கென்ன கஷ்டம்?" மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், காலை 7.10க்குக் கிளம்பினால் மதியம்தான் போய்ச் சேரும். தூக்குவது ஏற ஒரு தடவை, இறங்க ஒரு தடவை, அவ்வளவுதான். ஆனால் பழைய பெட்டிகளில் உள்ளே நடைபாதை கிடையாது, ஒவ்வொரு அறைக்கும் பக்கவாட்டில் தனிக் கதவு, கதவு குறுகல், படி உயரம். வீல்சேரை மடித்து வேறெங்காவது போட்டுவிட்டு மரப்பலகை மாதிரியான சீட்டில் நம் குஷனை வைத்து உட்கார வேண்டும். எங்களுக்குக் கால்மணி, அரைமணிக்கு ஒரு தடவை கையை ஊன்றி இடுப்பைத் தூக்கியாக வேண்டும், இல்லையென்றால் படுக்கைப் புண் வரும். நெருக்கமான சீட்டில் எதிரில் இருப்பவரின் முழங்கால் நம் மேல் இடிக்கிற நிலையில் அதைச் செய்வது லேசில்லை. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கத்தீட்டர் போடுகிறவர் மேட்டுப்பாளையத்தில் ஏறும் முன்பே அதைக் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு வேடிக்கை. வீல்சேர் ரேம்ப்புக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அதிகபட்சச் சரிவு 12க்கு 1, அதாவது 12 அடி நீளத்துக்கு ஒரு அடி உயரம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் போட்டு, எஞ்சின் பல்சக்கரத்தைக் கோர்த்து மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறதே, அந்தச் சரிவும் ஏறக்குறைய 12க்கு 1தான். நீராவி எஞ்சினுக்குப் பல்சக்கரம் கேட்கிற சரிவில் என்னை இரண்டு கையால் தள்ளிக்கொண்டு ஏறச் சொல்கிறார்கள். அதையும் பல கட்டடங்களில் ஒழுங்காகக் கட்டுவதில்லை என்பது வேறு கதை.

முழுப் பயணம் முடியாது என்றால் குன்னூரிலிருந்து ஊட்டி வரை மட்டும் போகலாம், ஒன்றே கால் மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகும். ஆனால் பல்சட்டப் பகுதி குன்னூரோடு முடிந்துவிடுகிறது; அதை விட்டுவிட்டால் அது நல்ல ரயில் பயணம், சாகசம் என்று சொல்ல மாட்டேன். கீழே பாதியை மட்டும் போய்க் குன்னூரில் இறங்கிவிட்டு அங்கிருந்து காரில் போவது என் யோசனை. கார் ஓட்டுகிறவர் வீல்சேரோடு முன்னாலேயே குன்னூர் வந்து நிற்கட்டும்.

முதுமலை சஃபாரி இதற்கு நேர் எதிர். நேரம் குறைவு, உடம்புக்கு அலுப்பு அதிகம். காட்டுக்குள் போகிற வண்டிகள் எங்கேயுமே உயரமானவைதான், அடிப்பகுதி தரையில் தட்டக்கூடாது என்பதற்காக அப்படி. தரையிலிருந்து இருக்கை வரை நெஞ்சளவு உயரத்துக்குத் தூக்க வேண்டியிருக்கும். உட்கார்ந்த பிறகுதான் உண்மையான பிரச்சினை. வயிற்றுத் தசை வேலை செய்யாதவனுக்கு மண்ரோட்டில் ஒவ்வொரு பள்ளமும் ஒரு தள்ளு. கால் ஊன்றிச் சமாளிக்க முடியாது, கையை எடுத்தால் சாய்ந்துவிடுவேன். யானைக் கூட்டத்தைப் பக்கத்து சீட்டுக்காரர் போட்டோ எடுக்க, நான் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அடுத்த தடவை நெஞ்சுக்கு ஒரு அகலமான வெல்க்ரோ பட்டை வாங்கி, சீட்டின் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன், அன்றைக்குத்தான் இரண்டு கையும் சும்மா இருந்தது. ரயிலா சஃபாரியா என்றால், பட்டை இருந்தால் சஃபாரி, இல்லையென்றால் ரயில். காட்டை அருகில் பார்த்தால் போதும், வண்டி வேண்டாம் என்பவர்களுக்குத் தெப்பக்காடு யானைகள் முகாம் இருக்கிறது, யானைகளுக்குச் சோறு உருட்டிக் கொடுக்கும் நேரத்துக்குப் போனால் போதும்.

பிச்சாவரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சதுப்புநிலக் காட்டுக்குள் வேர்களுக்கு நடுவில் குறுகலான வாய்க்கால்களில் போக வேண்டுமென்றால் துடுப்புப் படகுதான் முடியும், மோட்டார் படகு அகலமான நீர்ப்பாதையோடு நின்றுவிடும். அழகு முழுக்கத் துடுப்புப் படகில், வசதி முழுக்க மோட்டார் படகில். துடுப்புப் படகின் குறுக்குப் பலகையில் சாய்மானம் கிடையாது என்பதால் நான் படகின் அடித்தளத்தில் குஷன் போட்டு, பலகையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்துகொண்டேன். எடை கீழே இறங்கியதில் படகும் ஆடவில்லை. லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். உடம்பைப் படகோடு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கட்டிக்கொள்ளாதீர்கள். சஃபாரியில் பட்டை, படகில் பட்டையே கூடாது.

இனி ஆகாயம். இங்கேதான் பெரும்பாலானவர்கள் ஏமாந்துபோகிறார்கள், ஏனென்றால் பாராகிளைடிங், பாராசெயிலிங் இரண்டும் கேட்பதற்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது. பாராகிளைடிங்கில் மலைச்சரிவில் ஓடிப் புறப்பட வேண்டும், கால் ஊன்றி இறங்க வேண்டும். இமாச்சலத்தில் பீர்-பில்லிங் மாதிரி உலகக் கோப்பை நடந்த இடமானாலும் அடிப்படை அதுதான். ஓட முடியாதவர்களுக்காகச் சக்கரம் வைத்த பறக்கும் இருக்கை என்று ஒன்று இருக்கிறது, பிரான்ஸில் அது ரொம்ப வருடமாகப் புழக்கத்தில் இருக்கிறது. பைலட் பின்னால் ஓடுவார், நீங்கள் உருண்டு போய்ப் பறப்பீர்கள். அந்த இருக்கை இல்லாமல் "ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கிட்டு ஓடுறோம் சார்" என்று சொன்னால் நான் போகமாட்டேன். மேலே ஏறுவதில் எனக்குப் பயமில்லை, இறங்கும்போது முதலில் தரையில் படப்போவது என் கால் எலும்பு. வருடக்கணக்கில் எடை தாங்காத கால் எலும்பு சுண்ணாம்புக் குச்சி மாதிரி ஆகியிருக்கும், முறிந்தால் வலிகூடத் தெரியாது.

பாராசெயிலிங்கிலும் இரண்டு வகை. கடற்கரையில் ஜீப்போ படகோ கயிற்றைக் கட்டி இழுக்க, நாம் மணலில் ஓடி ஏறி மணலிலேயே விழுகிற வகை எங்களுக்கு ஆகாது. வின்ச் படகு வகை வேறு: படகின் பின்தளத்தில் உட்கார்ந்தபடியே கயிற்றை விட விட மேலே போவோம், திரும்பக் கயிற்றைச் சுருட்டி அதே தளத்தில் இறக்குவார்கள். ஓடுவது கிடையாது, தரையில் மோதுவது கிடையாது. கோவாவில் இந்த வகை கிடைக்கிறது (மழைக்காலத்தில் கடல் விளையாட்டுகள் மூடிவிடும்). ஆனால் என் கணக்கில் இது அடிவாங்குவது தூக்கலில். கரையிலிருந்து சின்னப் படகு, அலையில் ஆடுகிற சின்னப் படகிலிருந்து வின்ச் படகு, அதிலிருந்து பின்தளம், பிறகு அதே வரிசை திரும்ப. எண்ணிப் பார்த்தால் ஆறு தூக்கல், மேலே இருந்ததோ சில நிமிடம். படகுத்துறையிலிருந்தே நேராக வின்ச் படகில் ஏற்றுவார்களா என்று கேளுங்கள், ஆமாம் என்றால் இரண்டு தூக்கல் குறையும். "தண்ணீரில் ஒரு முக்கு வேண்டாம்" என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு.

கடைசியாக ஸ்கூபா. அம்மா கேட்டதும் "நடக்கவே முடியாதவனுக்கு இது எதுக்கு" என்றாள், டாக்டர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். மாற்றுத்திறனாளிகளுக்கு டைவிங் சொல்லிக்கொடுப்பது புதுசு ஒன்றும் இல்லை. ஹேண்டிகேப்டு ஸ்கூபா அசோசியேஷன் என்ற அமைப்பு அமெரிக்காவில் 1981லேயே தொடங்கியது. அவர்களிடம் மூன்று தரம் உண்டு. தன்னையும் கூட வருபவரையும் பார்த்துக்கொள்ள முடிகிறவர் ஒரு துணையோடு போகலாம், தன்னை மட்டும் பார்த்துக்கொள்ள முடிகிறவருக்கு இரண்டு துணை, அதுவும் முடியாதவருக்கு இரண்டு துணையில் ஒருவர் மீட்புப் பயிற்சி பெற்றவர். எனக்கு அதில் பிடித்தது, யாரையும் "முடியாது" என்று திருப்பி அனுப்பாமல் எத்தனை பேர் கூட வர வேண்டும் என்று மட்டும் கேட்பது. டைவிங் சொல்லிக்கொடுக்கும் பாடி (PADI) என்ற அமைப்பிலும் இதற்கென்று தனிப் பயிற்சி பெற்ற பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். புதுச்சேரியிலோ அந்தமானிலோ விசாரிக்கும்போது அந்தப் பயிற்சி பெற்றவர் யார், அன்றைக்கு அவரே வருவாரா என்று கேட்டுவிடுங்கள்.

எனக்கு முதலில் நீச்சல் குளத்தில் ஒரு நாள். இறங்கியதும் கால் இரண்டும் தக்கை மாதிரி மேலே மிதந்து வந்து தலை கீழாகிவிட்டேன், தசை வற்றிய கால் அப்படித்தான் மிதக்குமாம். பயிற்சியாளர் இரண்டு கணுக்காலிலும் சின்ன எடைப்பட்டை கட்டினார், முழங்கால் இரண்டையும் வெல்க்ரோவால் சேர்த்துக் கட்டினார், கைக்கு வாத்துக்கால் மாதிரி ஜவ்வு வைத்த கையுறை கொடுத்தார், பாதத்துக்குக் காலுறை மாதிரி தடிமனான பூட்டி. அவ்வளவுதான், நேராகிவிட்டேன். மறுநாள் கடலில் எட்டு மீட்டர் வரை. படகிலிருந்து தண்ணீருக்குள் போவதற்குத் தூக்கவே வேண்டாம், விளிம்பில் உட்காரவைத்துப் பின்பக்கமாகச் சாய்ந்துவிட்டால் போதும். கீழே மீன் கூட்டம் ஒன்று தலைக்கு மேல் போனது, அண்ணாந்து பார்க்க உடம்பையே மல்லாக்காகத் திருப்பினேன், அதை ஒரு கையால் செய்தேன் என்பது மேலே வந்த பிறகுதான் உறைத்தது.

திரும்ப ஏற்றுவதுதான் கஷ்டமான பகுதி. தண்ணீரிலேயே சிலிண்டரையும் எடையையும் கழற்றி மேலே கொடுத்துவிட்டு, மேலே இரண்டு பேர் அக்குளில் பிடிக்க, கீழே ஒருவர் முழங்காலுக்கு அடியில் கைகொடுத்து ஒரே எண்ணிக்கையில் தூக்கினார்கள். கரையிலிருந்து படகு, தண்ணீரிலிருந்து படகு, படகிலிருந்து கரை, ஆக மொத்தம் மூன்று தூக்கல், அதுவும் இதைத் தினம் செய்கிறவர்கள் கையில். உணர்வில்லாத தோல் பாறையில் உரசாமல் பார்க்க வேண்டும், சீக்கிரம் குளிரெடுக்கும், ஆகையால் உடம்பு முழுக்க மூடும் டைவிங் உடை (வெட்சூட்) கேளுங்கள். முதுகெலும்பில் டி6 மட்டத்திலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பினாலே ரத்த அழுத்தம் திடீரென எகிறலாம். அவர்கள் டாக்டரிடம் தனியாகப் பேசாமல் இதில் இறங்கக் கூடாது.

என் வரிசை இதுதான்: முதலில் ஸ்கூபா, அப்புறம் பட்டையோடு சஃபாரி, பிச்சாவரம், குன்னூர் வரை ரயில், கடைசியில் பாராசெயிலிங். காசு செலவழிக்காமல் கடலுக்குப் பக்கத்தில் போய்ப் பழக வேண்டுமென்றால் மெரினாவில் 263 மீட்டர் மரப்பாதை இருக்கிறது, 2022 நவம்பரில் திறந்து இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயலில் அடிபட்டு மறுபடி சரிசெய்தது.

போன் செய்யும்போது வசதி இருக்கிறதா என்று கேட்காதீர்கள், இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். ஏறுகிற படியையும் உட்காருகிற சீட்டையும் ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்; அனுப்பாத இடத்தை விட்டுவிடுங்கள். ஒரே லீவில் கடல், மலை இரண்டும் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டைவ் அடித்த பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பது பொதுவான வழக்கம், மலை ஏறுவதும் அதே கணக்குதான், ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். தம்பி முதலில் கடல், மறுநாள் ஊட்டி என்று டிக்கெட் போட்டிருந்தான். ரத்து செய்து மாற்றிப் போடச் சொல்லியிருக்கிறேன்.