என்ட்ரெக் பட்டியலோடு ஆறு வருடம்

மட்டக்களப்பில் தாதியருக்குப் படிப்பிக்கும் வேலையில் இருக்கிறேன். அதற்கு மேலதிகமாக, ஆறு வருடமாக ஒரு சின்னக் குழுவோடு சேர்ந்து பண்புசார் ஆய்வுகளைத் தொகுத்து வருகிறேன். நோயாளிகளோடு இருந்து கதைத்து, அவர்கள் சொன்னதைப் பதிந்து எழுதிய கட்டுரைகள் பல நாடுகளில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்து, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்து வாசித்து, தனிக் கட்டுரை ஒன்றில் தெரியாத எதையாவது கண்டுகொள்ளலாமா என்று பார்க்கும் வேலை அது. இதுவரை இரண்டு தொகுப்பு முடித்திருக்கிறோம், மூன்றாவது நடக்கிறது. எல்லாவற்றிலும் கூட வந்தது என்ட்ரெக் பட்டியல், அதாவது இப்படியான தொகுப்பை எழுதும்போது எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று கேட்கும் பட்டியல். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்பதால், அது எங்கே கைகொடுத்தது, எங்கே போதாமல் போனது என்று எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு அறிமுகம். அலிசன் டோங்கும் அவரோடு நான்கு பேரும் சேர்ந்து 2012 இல் வெளியிட்ட பட்டியல் இது. 21 விடயங்கள். நோக்கம் என்ன, எந்த முறையில் தொகுத்தீர்கள் என்பதில் தொடங்கி, தேடல், தெரிவு, கட்டுரைகளின் தர மதிப்பீடு, குறியீடு (ஒவ்வொரு வரியும் என்ன சொல்கிறது என்று சிறு பெயர் வைப்பது), கருப்பொருள், மேற்கோள் என்று போய், கடைசியில் தொகுப்பின் விளைவில் முடியும். பிஎம்சி சஞ்சிகையில் வந்ததால் யாரும் காசு கட்டாமல் வாசிக்கலாம். எங்களைப் போன்ற இடத்தில் இருப்பவர்களுக்கு அது பெரிய விடயம்.

தொகுப்பு ஆய்வுகளுக்குப் பலரும் பாவிக்கும் பிரிஸ்மா பட்டியல் இருக்கும்போது இது ஏன் என்று கேட்பார்கள். 2020 இல் புதுப்பித்த பிரிஸ்மாவில் 27 விடயங்கள். அதன் அடித்தளம் சிகிச்சைகளின் பலனை எண்ணிக்கையில் ஒப்பிடும் ஆய்வுகள். விளைவின் அளவு என்ன, ஆய்வுகளுக்கிடையில் வேறுபாடு எவ்வளவு என்று கேட்கும். ஒரு தாய் கிளினிக்குக்கு வர ஏன் பயப்படுகிறாள் என்பதற்கு விளைவின் அளவு கிடையாது. நாங்கள் பிரிஸ்மாவிலிருந்து எடுத்துக்கொள்வது எத்தனை கட்டுரை வந்தது, எத்தனை கழிந்தது என்று காட்டும் அந்தப் படத்தை மட்டும்தான். மற்றதெல்லாம் என்ட்ரெக்.

முதல் தொகுப்பில் நாங்கள் பிழை விட்டோம். சீனி வருத்தம் உள்ளவர்கள் குளிசையை இடையில் ஏன் விடுகிறார்கள் என்பதுதான் தலைப்பு. எல்லாம் எழுதி முடித்து, சஞ்சிகைக்கு அனுப்பப்போகும் கிழமையில்தான் பட்டியலைக் கையில் எடுத்தோம். ஒரே இரவில் 21 பெட்டியிலும், அந்த விடயம் எங்கள் கட்டுரையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எண் போட்டாயிற்று. தேடல் உத்தியைக் கேட்கும் 6ஆம் இலக்கத்துக்கு, ‘பொருத்தமான சொற்களைக் கொண்டு தேடினோம்’ என்ற எங்கள் வரியைக் காட்டினோம். மூன்று மாதம் கழித்து மதிப்பாய்வாளரின் கேள்வி வந்தது: எந்தத் திகதியில் தேடினீர்கள், முழுத் தேடல் வரியையும் தாருங்கள். எங்களிடம் இல்லை. தேடிய மடிக்கணினி பழுதாகி, உள்ளே இருந்தது எல்லாம் போயிருந்தது.

மறுபடியும் தேடினோம். வந்த எண்ணிக்கை முந்தியதோடு ஒத்துப்போகவில்லை. தலைப்பு வாசிப்பு, சுருக்க வாசிப்பு எல்லாம் முதலிலிருந்து. இரண்டு மாதம் போயிற்று. முதல் தடவை அகப்படாத மூன்று கட்டுரைகள் இந்த முறை அகப்பட்டன, அதில் ஒன்று எங்கள் கருப்பொருள் ஒன்றையே மாற்றிவிட்டது. அந்தக் கேள்வி வந்திராவிட்டால், அந்தக் கட்டுரையில் பேசிய ஆட்களின் குரல் இல்லாமலே எங்கள் முடிவு அச்சுக்குப் போயிருக்கும். இன்றைக்கு நினைத்தாலும் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இரண்டாவது தொகுப்புக்கு முதல் நாளே 120 பக்க சீஆர் கொப்பி ஒன்று வாங்கினேன். ஒரு இலக்கத்துக்கு ஐந்து பக்கம் என்று பிரித்து மேலே எண் போட்டேன். 105 பக்கம் போக மிச்சம் பதினைந்து. என்ன செய்கிறோமோ அதை அன்றைக்கே அந்தந்தப் பக்கத்தில் எழுதுவது என்று குழுவில் முடிவெடுத்தோம். 6ஆம் இலக்கத்தின் பக்கத்தில் திகதி, எந்தத் தரவுத்தளம், தேடல் வரி, வந்த எண்ணிக்கை. பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் கட்டுரைகளை வகைப்படுத்தும் மெஷ் தலைப்புகளில் பண்புசார் ஆய்வு என்பது 2003 இல்தான் வந்தது, அதனால் பழைய கட்டுரைகளுக்காக நேர்காணல், குழுக் கலந்துரையாடல், அனுபவம், மனப்பான்மை போன்ற சொற்களையும் சேர்க்க வேண்டும் என்று ஒரு குறிப்பு. 5ஆம் இலக்கத்தின் பக்கத்தில், இலங்கைச் சஞ்சிகைகள் பல பப்மெட்டில் கிடையாது, அவற்றை ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைனில் தனியாகப் பார்க்க வேண்டும் என்று இன்னொரு குறிப்பு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நேரத்தில், கல்லடியில் வீட்டு விறாந்தையில் இருந்து அந்தக் கொப்பியை வைத்தே வேலை செய்தோம். 15ஆம் இலக்கம் எந்த மென்பொருள் பாவித்தீர்கள் என்று கேட்கும். கட்டுரைகளின் முடிவுப் பகுதியை அச்செடுத்து, ஓரத்தில் பென்சிலால் குறித்தோம் என்று எழுதினோம். ஒருவரும் குறை சொல்லவில்லை.

தர மதிப்பீட்டுக்கு மட்டும் நான்கு விடயங்கள் இருக்கின்றன, 10 முதல் 13 வரை. முன்பு காஸ்ப் என்ற தர மதிப்பீட்டுப் பட்டியலின் பத்துக் கேள்விக்கும் புள்ளி போட்டு, குறைந்த கட்டுரையைக் கழித்துவிடுவோம். ஏன் மதிப்பிடுகிறீர்கள் என்று 10ஆம் இலக்கம் கேட்டபோது எங்களிடம் நல்ல பதில் இல்லை. இப்போது கழிப்பதில்லை. பலவீனமான கட்டுரையில் மட்டும் தங்கியிருக்கும் முடிவு எது என்று குறித்து வைக்கிறோம்.

அப்புறம், இரண்டாவது தொகுப்பில் நடந்த குளிசைக் கதை. எனக்கு இந்தப் பட்டியலின் அருமையையும் குறையையும் ஒன்றாகக் காட்டியது அதுதான்.

16ஆம் இலக்கம் யார் யார் குறியீடு செய்தீர்கள் என்று கேட்கும், 17 எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கும். அதை எழுத வேண்டியிருப்பதால் இரண்டு பேர் தனித்தனியாக வரிக்கு வரி குறியீடு செய்து, பிறகு ஒப்பிட்டோம். தமிழ் நோயாளிகளிடம் எடுத்த ஒரு ஆய்வின் ஆங்கிலக் கட்டுரையில், குளிசை ‘ஹொட்’ ஆக இருந்ததால் விட்டுவிட்டேன் என்ற பொருளில் ஒருவர் சொன்னது இருந்தது. நான் ஓரத்தில் ‘பக்கவிளைவு, வயிற்றெரிவு’ என்று குறித்திருந்தேன். சம்மாந்துறையிலிருந்து வரும் என் சக ஆய்வாளர் தன் தாளில் ‘உடற்சூடு’ என்று எழுதியிருந்தாள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்ததும் அவள் சொன்னாள்:

“அக்கா, இது வயித்தெரிவு இல்ல. எங்கட உம்மாவும் இதத்தான் சொல்லுவா, குளிசை சூடு எண்டு. ஆங்கிலத்தில ஹொட் எண்டு போட்டிருக்காங்க, அவ்வளவுதான்.”

அவள் சொன்னது சரி. நானும் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பேச்சுத்தான் அது. மாம்பழம் சூடு, இளநீர் குளிர்ச்சி என்று சொல்லி வளர்த்த வீட்டில் பிறந்தவள் நான். ஆங்கிலத்தில் வாசித்தபோது அந்த ஞாபகமே வரவில்லை. வயிற்றெரிவு என்றால் வைத்தியர் குளிசையை மாற்றலாம், சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லலாம். சூடு என்று நினைக்கிற ஆளுக்கு அது மருந்தாகாது. குளிர்ச்சியான சாப்பாட்டோடு சேர்த்துக் குளிசையைப் போடலாமா என்று அவரோடு இருந்து கதைக்க வேண்டும். ஒரு சொல்லைப் பிழையாகக் குறித்தால் சொல்லப்போகும் ஆலோசனையே வேறு திசைக்குப் போய்விடும்.

இரண்டு பேரைக் குறியீடு செய்ய வைத்தது பட்டியல், அதனால்தான் இது பிடிபட்டது. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் அதே பட்டியலில் 20ஆம் இலக்கத்தைப் பாருங்கள். மேற்கோள்களைக் கொடுங்கள், அது பங்குபற்றியவர் சொன்னதா, கட்டுரை ஆசிரியரின் விளக்கமா என்று பிரித்துக் காட்டுங்கள் என்கிறது. எந்த மொழியில் சொன்னது, யார் மொழிபெயர்த்தது என்று கேட்கவில்லை. மொழி என்ற பேச்சு வருவதே சேர்க்கும் அளவுகோல்களைக் கேட்கும் 4ஆம் இலக்கத்தில், எந்த மொழிக் கட்டுரைகளை எடுத்தீர்கள் என்பதற்காக மட்டும். நேர்காணல் ஆய்வுகளுக்கு 2007 இல் வந்த கோரெக் பட்டியலின் 32 விடயங்களிலும் மொழிபெயர்ப்புக்கு ஓர் இடம் இல்லை. அதனால் மூலக் கட்டுரையிலும் அந்த விவரம் பல தடவை கிடையாது. கிழக்கில் தமிழில் சொல்லி, ஆங்கிலத்தில் அச்சாகி, திரும்ப எங்கள் கைக்கு வரும் வார்த்தை இரண்டு இடத்தில் கை மாறியிருக்கிறது. அதைக் கேட்க ஒரு பெட்டியும் இல்லை.

மிச்சமிருந்த பதினைந்து பக்கத்தில் நாங்களே 22ஆம் இலக்கம் போட்டோம். நான்கு நிரல்: பேசிய மொழி, மொழிபெயர்த்தவர், மூலச் சொல் தரப்பட்டிருக்கிறதா, எங்களுக்குச் சந்தேகமான சொல். சந்தேகம் வந்தால் கட்டுரை ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்போம். சிலர் பதில் போடுவார்கள். பதில் வராத சொல்லில் கருப்பொருள் கட்டுவதில்லை.

பட்டியலில் இல்லாத வேறு இரண்டு விடயமும் உண்டு. தொகுத்தவர்களின் பின்னணி அவர்கள் வாசிப்பை எப்படி வளைத்தது என்று அது கேட்பதில்லை, தொகுப்பின் குறைபாடுகளுக்கும் தனி இலக்கம் இல்லை. மெட்டா எத்னோகிராபி, அதாவது கட்டுரைகளின் விளக்கங்களை ஒன்றோடொன்று பொருத்திப் புது விளக்கம் காணும் தொகுப்பு முறை, செய்பவர்களுக்கு 2019 இல் வந்த இமெர்ஜ் வழிகாட்டி இரண்டையும் கேட்கிறது. அந்த முறையில் செய்கிறவர்கள் அதன் 19 விடயங்களையே எடுத்துக்கொள்வது நல்லது. கருப்பொருள் தொகுப்புச் செய்கிற எங்களுக்கு என்ட்ரெக் சரி. முடிவுகளில் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்று சொல்ல அதோடு கிரேட் செர்குவலையும் சேர்க்கிறோம். வழிமுறைக் குறை, இசைவு, தரவின் போதுமை, பொருத்தம் என்று நான்கையும் பார்த்து உயர்வு முதல் மிகக் குறைவு வரை நிலை போடுவது அது. மொழிச் சந்தேகம் உள்ள முடிவுகளை வழிமுறைக் குறையின் கீழ் எழுதி, ஒரு படி இறக்குகிறோம்.

கஷ்டமான இலக்கம் எது என்று கேட்டால் 21. மூலக் கட்டுரைகளின் சுருக்கத்தைத் தாண்டிப் போங்கள் என்கிறது. முதல் தொகுப்பில் மறதி, செலவு, பக்கவிளைவு, நம்பிக்கை என்று நான்கு தலைப்புப் போட்டு, கதை முடிந்தது என்று நினைத்தோம். அது எல்லாக் கட்டுரையிலும் ஏற்கெனவே இருந்ததுதான். மறுபடி தேடும்போது கிடைத்த கட்டுரையோடு சேர்த்து வாசித்த பிறகுதான், இவர்களில் பலர் குளிசையை விடவில்லை, நோன்புக்கும் விரதத்துக்கும் சாப்பாட்டுக்கும் உடம்பின் நிலைக்கும் ஏற்ப அளவைத் தாங்களே கூட்டிக் குறைக்கிறார்கள் என்பது தெரிந்தது. கிளினிக்கில் ‘குளிசை ஒழுங்காப் போடுறீங்களா’ என்று கேட்டால் அவர்கள் ஓம் என்பார்கள். அவர்கள் கணக்கில் அது உண்மையும்தான்.

மூன்றாவது தொகுப்புக்கு 160 பக்கக் கொப்பி வாங்கியிருக்கிறோம். பிரசவத்துக்குப் பிறகு தாய்மார் வீட்டில் படும் பாடு பற்றியது. 22ஆம் இலக்கத்துக்கு இந்த முறை இருபது பக்கம் ஒதுக்கியாயிற்று. முதல் பக்கத்தில் என் சக ஆய்வாளர் தன் கையால் இரண்டு சொல் எழுதி வைத்திருக்கிறாள்: ‘பத்தியம்’, ‘தீட்டு’. ஆங்கிலக் கட்டுரைகளில் இவை எந்தெந்த வேடத்தில் வருகின்றன என்று பார்த்துக் கீழே எழுதிக்கொண்டு வருகிறோம்.