வன்னிச் செம்மண்ணில் காபனீரொட்சைட்டு: வில்லையா, பரவல் தெறிப்பா?

செம்மண் தூய இரும்பொட்சைட்டு அன்று. ஏமதைற்று, கோதைற்று ஆகிய இரும்புக் கனிமங்களுடன் கயோலினைற்றுக் களியும் குவாட்சும் கலந்திருக்கும். முல்லைத்தீவுக் கரைப்பக்கம் அள்ளினால் சிப்பித்தூளும் சேரும். இப்படிப்பட்ட மண்ணில் காபனீரொட்சைட்டின் புறத்துறிஞ்சலை, அதாவது வாயு மேற்பரப்பில் ஒட்டுவதை, செந்நிறக்கீழ் நிறமாலையில் அளக்க, தூளை மெல்லிய தட்டாக அழுத்தி ஒளியை ஊடுருவவிடும் வில்லையே நம் தெரிவு. வாயு ஒட்டுகிறதா என்று மட்டும் அறிய, தளர்ந்த தூளில் பட்டுச் சிதறும் ஒளியை அளக்கும் டிரிவ்ற்ஸ் (DRIFTS) எனும் பரவல் தெறிப்புப் போதும். கீழே வரும் அலையெண்கள் செ.மீ.⁻¹ இல்.

மண்ணை நீரில் கலக்கி, குவாட்சு அடியில் தங்கியதும் கலங்கலை மட்டும் வடித்து உலர்த்துங்கள். பருமணி இருந்தால் வில்லை அச்சிலிருந்து எடுக்கும்போதே பிளக்கும். 13 மி.மீ. அச்சுக்கு 20 மி.கி. அளவு தூள். பொற்றாசியம் புரோமைட்டுக் கலக்கவேண்டாம். அது மணிகளைச் சூழ்ந்து வாயுவின் வழியை அடைக்கும். வெற்றிடத்தில் 150 °C இல் நீரகற்றுங்கள். 250 °C ஐத் தாண்டினால் கோதைற்று ஏமதைற்றாகிவிடும். பிறகு நீங்கள் அளப்பது வேறொரு மேற்பரப்பு. 1200 இற்குக் கீழே ஒளி அநேகமாக ஊடுருவாது. ஒட்டிய வாயு மேற்பரப்பில் காபனேற்றாகிப் பட்டை காட்டும் 1200–1700 பகுதி திறந்திருக்கும், அது போதும்.

வில்லையின் பெரிய வசதி ஒன்றுண்டு. அதை ஒளிப்பாதையிலிருந்து தூக்கிவிட்டு வாயுவை மட்டும் பதிந்து கழிக்கலாம். 2349 ஐச் சுற்றி விரியும் வாயுவின் இரு சிறகுகளும் போய்விடும்.

பரவல் தெறிப்பில் அது முடியாது. கிண்ணத்தில் புரோமைட்டுத் தூளை இட்டு, அதே அமுக்கத்தில் தனியே பதியவேண்டும். அழுத்தும் வேலை இல்லாததும், வாயு தூளினூடே ஓடுவதும் நல்லவைதான். ஆனால் சூடேறும்போது தூள் அமிழும், சிதறல் மாறும், சிதறிய ஒளியிலிருந்து உறிஞ்சலைக் கணிக்கும் குபெல்கா–முங்க் கணக்குப் பிசகும். வெப்பமானி கிண்ணத்தின் அடியில் இருப்பதால் மேல்தூளின் வெப்பநிலை அது காட்டுவதிலும் குறைவு. கொக்கிளாய்க் கறுமணலுக்கு மட்டும் இம்முறையே வழி: அதிலுள்ள இல்மனைற்று எனும் கறுப்புக் கனிமம் ஒளியை விடாது, வைரத்தூளில் 5–10% ஆகக் கலந்து பாருங்கள். மணல்மணியின் பரப்பு மிகச் சிறிது என்பதால் பட்டையும் மெலிந்தே வரும்.

இரண்டிலும் ஏமாற்றுவது சிப்பித்தூள். அதன் காபனேற்றுப் பட்டை 1420 அருகே அகலமாக நிற்கும். மேற்பரப்பில் உருவான காபனேற்றென்று எளிதில் மயங்கலாம். 2515, 1795 இல் சிறு பட்டைகள் இருந்தால் அது சிப்பி. வாயு விட்டால் வளராது, உறிஞ்சி வெளியேற்றினால் குறையாது. அதை ஐதரோக்குளோரிக் அமிலத்தால் கழுவாதீர்கள். இரும்பொட்சைட்டும் கரையும், குளோரைட்டும் ஒட்டும். பி.எச். 5 இலான சோடியம் அசற்றேற்றுத் தாங்கற் கரைசலில் குமிழி நிற்கும்வரை ஊறவைத்து, பலமுறை நீரில் அலசுங்கள். அசற்றேற்று மிஞ்சினால் 1560, 1420 இல் புதிய பட்டைகள் தலைகாட்டும்.

மாரியில், மாதிரி இருக்கும் வாயுக்கலத்தின் புரோமைட்டுச் சாளரம் பனிக்கும். கல்சியம் புளோரைட்டுச் சாளரம் போடுங்கள். அது 1100 வரை ஒளி விடும்.